பன்னிரண்டு குப்பித் தண்ணீர்

எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் அங்கே கழிவறை எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் விசாரித்துக்கொள்வேன். எல்லாப் பெண்களும் செய்வதுதான். நான் அதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்த நோட்டு இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. நீல அட்டை போட்டது. நாளை மறுநாள் என்னை அந்தச் சிற்றூருக்கு அழைத்துப் போய், எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லப் போவதாக நேற்றுச் சொன்னீர்கள். எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம் என்று கேட்டேன். "காலையில" என்றீர்கள். காலை என்பது ஒரு மணி அல்ல. வழியில் எங்கே நிற்போம் என்று கேட்டேன். "எங்கயாவது நிப்போம்" என்றீர்கள். உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் ஊருக்குப் போகிறார்கள். நோட்டைக் கொடுத்தால் ஒழுங்காகத் திட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன். நீங்கள் நோட்டைக் கொடுக்காமல் இந்த வெள்ளைத் தாள்களைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். திட்டம் கடைசித் தாளில் இருக்கும்.

நான் நீர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பார்த்தேன் என்று இருக்க வேண்டுமானால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். வேதியியல் படித்தவள். எங்கள் ஆய்வகத்தின்கீழ் முப்பத்தோரு சிற்றூர்கள் வருகின்றன. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை அவற்றின் குடிதண்ணீரைச் சோதிக்க வேண்டும். தண்ணீரை ஊர்க்காரர்கள் பிடித்து அனுப்பினால் செல்லாது. நாங்களே நேரில் போக வேண்டும். குழாயின் வாயை நெருப்பில் காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுத்தம் என்றால் என்னவென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதால்தான் இந்த விதி. விதியில் அப்படி எழுதியிருக்காது. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அந்த ஊருக்குப் பன்னிரண்டு குப்பி, குழாய்க்கு ஒன்று.

மழைக்கு முந்தைய முறைகளில் வேறொருவர் போவார். மழைக்குப் பிந்தையது என் பங்கு. போன வருடம்தான் நான் முதன்முதலாக அங்கே போனேன். அதைப் பற்றி எழுதாமல் இந்த வருடத்தைப் புரியவைக்க முடியாது.

பஸ் நின்ற இடத்தில் எனக்காகப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். வேலையற்றவர்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லோருக்கும் வேலை இருந்தது. என்னைப் பார்ப்பதற்காக அதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆளை ஊரே மோட்டார் என்று கூப்பிட்டது. அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். "மோட்டாரு, மேடத்துக்கு சேரப் போடு" என்றாள். புது நாற்காலி. அதன்மேல் சுற்றிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. நான் உட்கார்ந்தபோது அது சத்தம் போட்டது. நான் டீ குடித்ததை ஏழு பேர் நின்று பார்த்தார்கள். நான் கோப்பையைக் கீழே வைத்ததும் அந்த ஏழு பேருக்கும் தாகம் தீர்ந்ததுபோல் இருந்தது.

பிறகு குழாய் குழாயாகப் போனோம். கூட்டமும் வந்தது. நான் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயில் காட்டுவதை ஏதோ சடங்கு மாதிரி பார்த்தார்கள். ஒரு பெண், "எங்க தெருக் குழாய்க்கு மட்டும் ரெண்டு தடவ காட்டுங்க மேடம், அங்கதான் சண்டை அதிகம்" என்றாள். முடி கொட்டுவது தண்ணீராலா என்று முடிதிருத்துபவர் கேட்டார். ஆய்வகம் அதைச் சோதிப்பதில்லை என்றேன். "சோதிச்சா நல்லது மேடம். ஊர்ல எல்லாத் தலையும் இப்படியே போச்சுன்னா நான் கத்திரிய வச்சு காய்கறிதான் நறுக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவையை அவர் அன்றைக்கு முதல்முறையாகச் சொல்லவில்லை என்பது அவர்கள் சிரித்த விதத்திலேயே தெரிந்தது.

பள்ளிக்கூடக் கழிவறைதான் ஊரில் இருப்பதிலேயே நல்லது என்றார்கள். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மோட்டாரின் மனைவி வெளியே நின்று கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"நிதானமா போங்க மேடம். எவன் வந்தாலும் நான் இருக்கேன்."

உள்ளே நான் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"பக்கெட்ல தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். மேல சோப்பு இருக்கு பாருங்க. புதுசு. நீங்கதான் மொதல்ல."

"ம்."

"வெக்கப்படாதீங்க மேடம். ராணியா இருந்தாலும் இதுக்கு ஒக்காந்துதான ஆகணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வெளியே இன்னொருத்தியும் சேர்ந்து சிரித்தாள். எனவே அங்கே இருவர் நின்றிருந்தார்கள்.

சோப்பின் உறையை நான்தான் பிரித்தேன். மூன்று தடவை கை கழுவினேன். எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் கதவைத் தட்டிவிட்டு, பதில் வந்த பிறகுதான் திறப்போம். என் அம்மாகூட என்னிடம் அவ்வளவு கிட்டே நின்று பேசியதில்லை.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். கெட்டவர்களாக இருந்திருந்தால் இந்த வருடமும் போயிருப்பேன். கெட்டவர்கள் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. பஸ் கிளம்பும்போது மோட்டாரின் மனைவி சன்னல் வழியாகக் கையை விட்டு என் கன்னத்தைத் தட்டினாள். "அடுத்த வருஷமும் நீங்களே வாங்க" என்றாள். ஈரக்கை.

இந்த வருடம் மழை அதிகம். மழை விட்டுப் பத்து நாள் கழித்து ஆய்வகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"மேடம், நான் மோட்டார் பேசுறேன்."

இப்படித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற மனிதரிடம் என்ன பேசுவது. சொல்லுங்கள் என்றேன்.

"எப்ப மேடம் வர்றீங்க? ஓடைக்கரைல ரோடு அப்படியே உள்வாங்கிடுச்சு. குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்துல கெடக்கு. தண்ணில ஒரு வாடை வருது."

"குளோரின் போடுறீங்களா?"

"போடுறேன் மேடம். போட்டா அந்த வாடை, போடலன்னா இந்த வாடை. ஊரே கொதிக்க வச்சுதான் குடிக்குது. வெறகுக்கு அலைஞ்சு மாளல. நீங்க வந்து பார்த்து ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதி."

"திட்டம் போட்டுட்டுச் சொல்றேன்."

"இன்னொண்ணு மேடம்." குரலைத் தாழ்த்தினார். "தாப்பா போட்டாச்சு. வீட்ல சொல்லிக்கிட்டே இருந்தா, மேடம் அன்னைக்கு ரொம்ப சங்கடப்பட்டாங்கன்னு. நானே அடிச்சேன். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு."

ஒரு வருடமாக ஓர் ஊரே என் சங்கடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டிருப்பார்கள். யார் அடிப்பது, எந்த அளவு ஆணி என்று பேசியிருப்பார்கள். முடிதிருத்துபவர் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பார்.

"வீட்ல மாசமா இருக்கா மேடம்" என்றும் சொன்னார். "ஆறு முடியப் போகுது. எட்டு வருஷம் கழிச்சு. அதான் தண்ணி விஷயத்துல கொஞ்சம் பயமா இருக்கு."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் திட்டம் போடவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. நோட்டில் நாற்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் திட்டம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு. நான்கு மணி நேரப் பயணம், நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும். மாறும் இடத்தில் இருபது நிமிடம், கழிவறை சுமார். போகும்போது வெயில் இடது பக்கம் விழும், எனவே வலது பக்கச் சன்னல். ஐஸ் எட்டு மணி நேரத்தில் உருகும், எனவே இரட்டைப் பெட்டி. ஊருக்குள் இருக்கும் நேரம் இரண்டு மணி இருபது நிமிடம். அதில் டீக்கு ஐந்து நிமிடம், பேச்சுக்குப் பத்து. அந்தப் பதினைந்து நிமிடத்தை எப்படிக் குறைப்பது என்று மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் வலது பக்க இருக்கை இல்லை என்று தெரிந்தது. திட்டத்தை மாற்றினேன்.

இரண்டாவது திட்டத்தில் விடியற்காலையிலேயே போய்விடுவதாக இருந்தது, கூட்டம் சேர்வதற்குள். ஆனால் விடியற்காலையில்தான் எல்லோரும் குழாயடியில் இருப்பார்கள். அதையும் விட்டேன்.

அண்ணி என் நோட்டை எட்டிப் பார்ப்பாள். பள்ளிக்கூட ஆசிரியை, கையில் சிவப்பு மசிப் பேனா இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே பார்ப்பாள். "நீ திட்டம் போடுற நேரத்துக்கு நடந்தே போயிட்டு வந்திருக்கலாம்" என்றாள். அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "விடு, அவளுக்குத் திட்டம்தான் டூரு" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவன் தன் வாழ்நாளில் சொன்ன சரியான வார்த்தைகள் சிலவற்றில் அதுவும் ஒன்று.

அதற்குள் மோட்டார் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார். ஐந்தாவது தடவை கூப்பிடாமல், பஸ் ஓட்டுநரிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார். பழைய குளிர்பான பாட்டில். வாயைத் துணியால் கட்டி, துண்டில் சுற்றி, நடுவில் ஐஸ் வைத்து. ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. கூடவே ஒரு கடிதம். பாட்டிலைக் கொதிநீரில் மூன்று முறை கழுவினேன், கட்டிய துணியையும் கொதிக்க வைத்தேன், குழாய் வாயில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினேன், இரண்டு நிமிடம் ஓடவிட்டேன், மூடியின் உள்ளே தொடவில்லை, மேடம் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தேன், தவறு இருந்தால் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன, வரிசையில் நிற்கச் சொன்ன பிள்ளைகள் மாதிரி.

விதிப்படி அந்தத் தண்ணீர் செல்லாது. கொட்டிவிட்டிருக்க வேண்டும். நான் அதில் கொஞ்சத்தைச் சோதனைக் குப்பியில் ஊற்றினேன். மருந்து தோய்த்த காகிதம் உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி அது. தண்ணீரில் மலம் கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். இல்லாவிட்டால் பழுப்பாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, நான் குடிக்கக் கொண்டுவந்திருந்த எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்த் தண்ணீரை இன்னொரு குப்பியில் வைத்தேன். ஏன் சோதித்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். ஓர் ஆர்வம்தான். கண்ணெதிரே தண்ணீர் இருக்கும்போது சோதிக்காமல் இருப்பது என்னால் முடியாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தேன். பதினெட்டு மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை. எங்கள் வீட்டுக் குப்பி பழுப்பாக இருந்தது. அவர்களுடையது மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு கறுப்பாக நான் பார்த்ததில்லை.

பாட்டில் அசுத்தமாக இருந்திருக்கலாம், அதனால் கறுத்திருக்கலாம் என்று சொல்லும்படி அண்ணன் வைத்துக்கொடுத்த வக்கீல் சொல்கிறார். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அது அறிவியல் ஆகாது. பாட்டில் சுத்தமாகத்தான் இருந்தது. மோட்டார் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார்.

அந்தக் குப்பியைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் விளக்குகிறேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நான் அந்த ஊருக்குப் போக வேண்டும். எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரை தினமும் குழாய் குழாயாகத் தண்ணீர் எடுக்க வேண்டும். குறைந்தது நான்கு நாள் அங்கேயே தங்க வேண்டும். தங்குவதென்றால் பக்கத்தில் விடுதி கிடையாது. மோட்டார் வீட்டில்தான். அவர் ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லியிருந்தார், முன் அறையை ஒழித்து வைத்திருப்பதாக, புதுத் தலையணை வாங்கியிருப்பதாக.

கறுத்த குப்பியில் கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தேன். கடிதத்தை நோட்டுக்குள் வைத்தேன். நீங்கள் அதை எடுத்துப் படித்தபோது இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினீர்கள். நான் பார்த்தேன்.

மூன்றாவது திட்டம் சிறப்பாக வந்தது.

அடுத்த புதன்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே ஆய்வகத்துத் தராசில் உப்புகளை நிறுத்துப் பன்னிரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டேன். அந்த ஊர்த் தண்ணீர் கடினத் தண்ணீர்; எங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படி இல்லை. போன வருட எண்களை வைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டேன். தொட்டிக்கு அருகே கொஞ்சம் குறைவு, ஊர்க்கோடியில் கொஞ்சம் அதிகம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் முட்டாளுக்கும் சந்தேகம் வரும். அவசரத்தில் செய்த காரியம் என்று உங்கள் குறிப்பில் இருப்பதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தலைகீழாகவே படித்துவிட்டேன். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

புதன்கிழமை ஐந்து நாற்பதுக்கு ஐஸ் பெட்டியோடு கிளம்பினேன். பஸ் நிலையத்தில் போக வரச் சீட்டு வாங்கினேன். எட்டாம் எண் இருக்கை, வலது பக்கச் சன்னல். பஸ் கிளம்பி, என் இருக்கை காலியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல இருக்கைதான். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போன பிறகு வீட்டுக்குத் திரும்பி, சமையலறைக் குழாயின் வாயை நெருப்பில் காட்டினேன். இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். மூடியின் உள்பக்கம் என் விரல் படவில்லை. பன்னிரண்டு குப்பியிலும் பொட்டலங்களைக் கலந்து, எண் ஒட்டி, ஐஸில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அண்ணி வருவதற்கு முன் மறுபடி வெளியே போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். செருப்பில் கொஞ்சம் சேறு அப்பிக்கொண்டேன். ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி செருப்பைப் பார்த்துவிட்டு, "அந்தப் பட்டிக்காட்டுச் சேத்த வாசலோட விடு" என்று சொல்லி, அவளே எடுத்துக் கழுவி வைத்தாள்.

சோதனையை முறைப்படி செய்தேன். எந்த எண்ணையும் நான் கற்பனையாக எழுதவில்லை. அந்தக் குப்பிகளில் இருந்த தண்ணீர் காட்டியதைத்தான் எழுதினேன். பன்னிரண்டு குப்பியும் பழுப்பாகவே இருந்தன. "குடிக்க உகந்தது" என்று அறிக்கை போனது. மேலதிகாரி கையெழுத்திட்டார். அவர் கையெழுத்துப் போடும்போது பேனாவை மட்டும்தான் பார்ப்பார்.

ஐந்து நாள் கழித்து மோட்டார் கூப்பிட்டார்.

"மேடம், அறிக்கை வந்துச்சு. எப்ப மேடம் வந்தீங்க? நாங்க யாருமே பார்க்கலயே."

"சீக்கிரமா வந்துட்டுப் போயிட்டேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு."

அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். நாயும் கோழியும்கூட யாருக்கும் தெரியாமல் தெருவைத் தாண்ட முடியாத ஊர். பன்னிரண்டு குழாயிலும் நெருப்புக் காட்டிக்கொண்டு ஒருத்தி போனால் யார் கண்ணிலும் படாமல் இருக்குமா.

"தொந்தரவு என்ன மேடம் தொந்தரவு" என்றார். குரலில் இருந்தது சந்தேகம் அல்ல, வருத்தம். "ஒரு டீயாவது குடிச்சிருக்கலாம்ல. போன தடவ எதாவது தப்பா நடந்துக்கிட்டோமா? வீட்ல அழுவுறா. அவ ஏதோ பகடி பேசினாளாம், அதான் மேடம் கோவிச்சுக்கிட்டாங்கன்னு."

இதுதான் அவர்கள். தன் கண்ணால் பார்த்ததைவிட முத்திரை போட்ட தாளை நம்புவார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தவறு தங்களுடையது என்று முடிவு செய்துகொள்வார்கள். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றுவதில் திறமை எதுவும் தேவையில்லை. அந்தப் பன்னிரண்டு பொட்டலங்களும் வீண் வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

கோபம் ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப கொதிக்க வைக்க வேண்டாமா மேடம்?"

"அறிக்கையில போட்டிருக்கே."

"போட்டிருக்கு. ஊருக்கு நான் படிச்சுச் சொல்லிட்டேன், தொட்டியில ஒட்டியும் வச்சாச்சு. எல்லாரும் நிறுத்திட்டாங்க. வீட்லதான் இன்னும் கொதிக்க வச்சுக்கிட்டு இருக்கா. அடுப்புப் புகைல ஒக்காந்து இருமுறா. தாள நம்ப மாட்டாளாம், மேடம் வாயால சொன்னாத்தான் நம்புவாளாம். இந்தா, பக்கத்துலதான் நிக்கிறா."

அவள் தொலைபேசியை வாங்கினாள். மூச்சு வாங்கியது. ஏழாம் மாதம்.

"மேடம், கோவம் இல்லையே?"

"இல்ல."

"அப்படியே குடிக்கலாமா?"

கறுத்த குப்பி என் மேஜையிலிருந்து இரண்டடி தூரத்தில், கழுவிக் கவிழ்த்த நிலையில் இருந்தது. வெளிச்சம் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"குடிக்கலாம்" என்றேன். "பயப்படாம குடிங்க."

"நீங்க சொன்னா சரி" என்றாள்.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். உரையாடல் சீக்கிரம் முடிந்ததே என்று நினைத்தேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் காமாலை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பெரும்பாலோர் பிழைத்துவிட்டார்கள். இந்த வகைக் காமாலை ஆண்களை, பிள்ளைகளை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. நிறைமாதத்தை நெருங்கும் பெண்களைத்தான் அது விடாது. அது ஆய்வகப் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்தபோது படித்தோம். அந்த ஊரில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் இப்போது இல்லை. முடிதிருத்துபவரின் மருமகள் ஒருத்தி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடியிருந்தவள் ஒருத்தி. மோட்டாரின் மனைவி கடைசி. குழந்தையும் தங்கவில்லை.

நான் அவர்களைக் கொல்ல நினைக்கவில்லை என்று எழுதும்படி வக்கீல் சொன்னார். அது உண்மைதான். நான் அவர்களைப் பற்றி எதுவுமே நினைக்கவில்லை. குடித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. போகாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும்தான் யோசித்தேன். இந்த இரண்டும் என்னிடம் தனித்தனியாக இருந்தன, ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளாத இரண்டு வாடகைக் குடித்தனம் மாதிரி.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏழாவது குழாய், ஓடைக்கரைக் குழாய். ரோடு உள்வாங்கியபோது அந்தக் குழாயும் சேர்ந்து ஓடைக்குள் போய்விட்டது. மோட்டார் முதல் தொலைபேசியிலேயே ஓடைக்கரை என்று சொன்னார். நான் காதில் வாங்கினேன், எண்ணோடு பொருத்திப் பார்க்கவில்லை. இல்லாத குழாயின் தண்ணீருக்குக் கடினத்தன்மை முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அறிக்கை கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு பொட்டலம் அதிகம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் முகம் சூடாகிறது.

அதைக்கூட அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். நீங்கள் போய் விசாரித்தபோது மோட்டார் என்ன சொன்னார் என்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "மேடம் வந்தாங்க சார். நாங்கதான் பார்க்கல." மனைவியைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஏழாவது குழாயைப் பற்றிக் கேட்டதற்கு, "மேடம் தண்ணிக்குள்ள எறங்கி எடுத்திருப்பாங்க சார், அவங்க வேலையில அவ்வளவு சுத்தம்" என்றாராம். இதைப் படித்தபோது உங்கள் குரல் கொஞ்சம் மாறியது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள்போல. எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஒருவருக்கு இவ்வளவு காட்டிய பிறகும் பார்க்க மறுத்தால் நாம் என்ன செய்ய முடியும்.

இது போதும் என்று நினைக்கிறேன். தண்ணீர் கெட்டது என்று தெரிந்தே நல்லது என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் வாயாலும் சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இனி பயணத் திட்டம்.

காலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்ப வேண்டும். உங்கள் வண்டியானால் மூன்று மணி நேரம் போதும். எனக்கு வலது பக்கச் சன்னல். ஒரே ஒரு நிறுத்தம். பஸ் மாறும் இடத்துக்கு முன்னால் புதிதாக வந்திருக்கும் பெட்ரோல் நிலையம். அங்கே கழிவறை சுத்தம் என்று நோட்டில் இருக்கும், நாற்பத்து நான்காம் பக்கம். குடிக்கிற தண்ணீரை நாமே எடுத்துப் போய்விட வேண்டும், ஆளுக்கு இரண்டு லிட்டர். அங்கே யார் டீ கொடுத்தாலும் வாங்காதீர்கள். மறுத்தால் அழுவார்கள், கண்டுகொள்ள வேண்டாம். குழாய்கள் பதினொன்றுதான், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். கூட்டம் சேரும். அவர்கள் என்னைத் திட்டுவார்கள், அடிக்க வருவார்கள் என்று நீங்கள் ஆள் கூட்டி வருவதாகச் சொன்னீர்கள். தேவையிருக்காது. புது நாற்காலியைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கழிவறைக் கதவில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் போட்டிருப்பதாக மோட்டார் சொன்னார். நேரில் பார்க்காமல் எழுதிக்கொள்ள முடியாது. அந்த ஊர்க்காரர்கள் வாயால் சொல்வதை நம்பி ஒருவர் பயணம் கிளம்ப முடியாது.